அமெரிக்காவில் ஓ.டி.ஏ. உரிமம்: கல்லூரி தேடுவதிலிருந்து முதல் வேலை வரை

ஆஸ்பத்திரியில் 'ஓ.டி.' என்றதும் நம்மில் பலருக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போகும் ஓ.டி. வேறு. பக்கவாதத்தில் வலக்கை விழுந்தவர் மறுபடி தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளவும், இடுப்பு மூட்டு மாற்றியவர் குனியாமல் சாக்ஸ் போடவும், பென்சில் பிடிக்கத் திணறும் குழந்தை வகுப்பில் எழுதவும் பழக்கும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. 'ஆக்குபேஷன்' என்ற சொல்லைச் சம்பளத் தொழில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காலையில் பல் துலக்குவது முதல் இரவு கட்டிலில் ஏறிப் படுப்பது வரை ஒருவருடைய நாளை நிரப்பும் காரியங்கள் அத்தனையும் அதில் அடங்கும்.

அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையைச் செய்பவர்கள் இரண்டு நிலையில் இருக்கிறார்கள். முதுகலை அல்லது முனைவர் நிலைப் படிப்பு முடித்தவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சுருக்கமாக ஓ.டி. பெரும்பாலும் 2 ஆண்டு அசோசியேட் பட்டம் முடித்தவர் ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டென்ட், அதாவது ஓ.டி.ஏ. (இளங்கலைப் பட்டமாகவும் சில கல்லூரிகள் தருகின்றன. இரண்டு வழியும் செல்லும் என்று 2019-இல் முடிவானது.) நோயாளியை மதிப்பிடுவது, இலக்கு வகுப்பது, சிகிச்சைத் திட்டம் எழுதுவது ஓ.டி.யின் பொறுப்பு. அந்தத் திட்டத்தை நோயாளியோடு உட்கார்ந்து நாள்தோறும் நடத்துபவர் ஓ.டி.ஏ. மூன்றாவதாக 'எய்டு' என்றொரு வேலையும் விளம்பரங்களில் வரும். கருவிகளை எடுத்துவைப்பது, துடைப்பது, நோயாளியை அழைத்து வருவது போன்ற வேலை அது. அதற்கு இந்தப் படிப்பு தேவையில்லை, சம்பளமும் மிகக் குறைவு. ஓ.டி.ஏ.வுக்கு 2023-இல் நாடு முழுவதற்குமான இடைநிலை ஆண்டுச் சம்பளம் சுமார் 67,000 டாலர்.

மூன்று அமைப்புகள், மூன்று காகிதங்கள்

புதிதாக வருபவர்கள் குழம்பும் முதல் இடம் இது. கல்லூரிப் படிப்புக்கு அங்கீகாரம் தருவது ஏகோட் (ACOTE) என்ற அமைப்பு. தேசிய அளவில் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவது என்.பி.சி.ஓ.டி. (NBCOT). வேலை செய்ய உரிமம் தருவது நீங்கள் வேலை பார்க்கப்போகும் மாநிலத்தின் வாரியம். மூன்றும் தனித்தனி. ஒன்றுக்கு அனுப்பிய காகிதம் மற்றதற்குத் தானாகப் போய்ச் சேராது.

தேர்வில் தேறியவர் பெயருக்குப் பின்னால் 'கோட்டா' என்று போட்டுக்கொள்ளலாம் (இட ஒதுக்கீட்டுக் கோட்டா இல்லை, 'சான்று பெற்ற ஓ.டி.ஏ.' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான COTA). ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நோயாளியைக்கூடத் தொட முடியாது. உரிம எண் கைக்கு வந்த பிறகே வேலை. தேர்வு முடிந்ததே என்று வேலைக்குச் சேரும் தேதியைக் கொடுத்துவிட்டு, மாநிலக் கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு பருவமும் இருக்கிறார்கள்.

அதனால் கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும். எந்த மாநிலத்தில் வேலை? அந்த வாரியம் என்னென்ன கேட்கிறது? அதற்கு ஏற்ற தேர்வு, தேர்வுக்கு ஏற்ற கல்லூரி. விளம்பரம் பார்த்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு முன்னோக்கி நகர்பவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பணம் கட்டுமுன் தீர்க்க வேண்டியவை

குற்றப் பின்னணி. பழைய வழக்கு, கைது, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது எதுவானாலும் பின்னணிச் சோதனையில் வரும். என்.பி.சி.ஓ.டி. தேர்வு விண்ணப்பத்திலும் நன்னடத்தைக் கேள்விகள் உண்டு. சந்தேகம் இருந்தால், படிப்பில் சேருமுன்பே விவரங்களைக் கொடுத்து முன்கூட்டியே முடிவு கேட்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டுதான். 2 ஆண்டு படித்த பிறகு மறுப்புக் கடிதம் வாங்குவதைவிட அது மலிவு.

வேலை அனுமதி. உரிமம் வேறு, வேலை செய்யும் அனுமதி வேறு. ஹெச்-1பி விசாவுக்குக் குறைந்தது இளங்கலைப் பட்டம் தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும். அசோசியேட் பட்டமே போதும் என்பதால் ஓ.டி.ஏ. வேலை பொதுவாக அந்த வரையறைக்குள் வருவதில்லை. கிரீன் கார்டு அல்லது வேலை அனுமதி அட்டை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எஃப்-1 மாணவராக வந்து இதைப் படிக்க நினைப்பவர், பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிக் காலம் முடிந்ததும் என்ன செய்வது என்பதை இப்போதே குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மத்திய அரசின் கல்விக் கடனும் உதவித்தொகையும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளிட்ட சில நிலைகளில் இருப்பவர்களுக்கும் மட்டும்தான்.

இந்தியாவில் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளங்கலை) முடித்தவர்கள். 'ஓ.டி. தேர்வுக்கு முதுகலை கேட்கிறார்கள், அதுவரை அசிஸ்டென்ட் தேர்வை எழுதி வேலையில் சேர்ந்துகொள்ளலாமே' என்ற யோசனை அடிக்கடி வருகிறது. நடக்காது. ஓ.டி.ஏ. தேர்வு எழுத அங்கீகாரம் பெற்ற ஓ.டி.ஏ. படிப்பையே முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் படித்த தெரபிஸ்டுகளுக்கு என்.பி.சி.ஓ.டி.யில் தனியான தகுதி மதிப்பீடு இருக்கிறது, அது ஓ.டி. தேர்வுக்கான வழி. அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு இந்தப் பக்கம் வரலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

ஏகோட் இணையதளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடி, எதிரே போட்டிருக்கும் நிலையைப் படியுங்கள். 'அக்ரெடிட்டட்' என்றிருந்தால் சரி. 'கேண்டிடசி' அல்லது 'ப்ரீஅக்ரெடிட்டேஷன்' என்றிருந்தால் புதிய படிப்பு, இன்னும் முழு அங்கீகாரம் வரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சேர்வது குற்றமில்லை. ஆனால் அங்கீகாரம் வந்தால்தான் நீங்கள் தேர்வு எழுத முடியும் என்ற அபாயத்தைத் தெரிந்தே ஏற்கிறீர்கள். 'ப்ரொபேஷனரி' என்றிருந்தால் ஏன் என்று படிப்பின் இயக்குநரிடம் நேரடியாகக் கேளுங்கள். கல்லூரி முழுவதற்கும் உள்ள பொது அங்கீகாரத்தைக் காட்டி, 'நாங்கள் அக்ரெடிட்டட்தான்' என்று சேர்க்கை அலுவலகத்தில் சொல்வார்கள். அது பொய்யில்லை, உங்கள் கேள்விக்குப் பதிலும் இல்லை. நீங்கள் கேட்பது ஓ.டி.ஏ. படிப்பின் அங்கீகாரத்தை.

அடுத்து தேர்ச்சி விகிதம். பட்டம் பெற்ற 12 மாதங்களுக்குள் தேர்வு எழுதியவர்களில், கடைசி 3 ஆண்டுச் சராசரியாக 80 சதவீதத்துக்குக் குறையாமல் தேற வேண்டும் என்பது ஏகோட் விதி. இந்த எண்ணைக் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும். அதன் பக்கத்திலேயே பட்டம் முடித்தவர்களின் விகிதமும் இருக்கும். பலர் பார்க்காமல் விடும் எண் அதுதான். 30 பேர் சேர்ந்து 16 பேர் மட்டும் முடித்து, அந்த 16 பேரும் தேறினால் தேர்ச்சி 100 சதவீதம்! மீதி 14 பேர் கட்டிய பணம் எங்கே போனது என்பதையும் கேட்க வேண்டும்.

கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. மாவட்டத்துக்குள் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர் பொதுக் கல்லூரி மிக மலிவு. லாப நோக்கில் நடக்கும் தனியார் கல்லூரிகள் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். பட்டமும் தேர்வும் உரிமமும் இரண்டுக்கும் ஒன்றே, வேலை தருபவர் சம்பளத்தை அதை வைத்துக் கூட்டுவதில்லை. தனியார் கல்லூரியில் இடம் உடனே கிடைக்கும், கம்யூனிட்டி காலேஜில் ஓராண்டு காத்திருக்க நேரலாம். அந்த ஓராண்டில் முன்படிப்புப் பாடங்களை முடித்துக்கொண்டு காத்திருப்பதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் கருத்து.

நேர்காணலில், ஃபீல்டுவொர்க் எனப்படும் களப்பயிற்சியைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'லெவல் 2 ஃபீல்டுவொர்க் இடங்களைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, நான் தேட வேண்டுமா? போன ஆண்டு மாணவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள்?' இதற்குத் தயங்காமல் பதில் வரும் கல்லூரிதான் நல்ல கல்லூரி.

சேர்க்கைக்கு வேண்டியவை

முன்படிப்புப் பாடங்கள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்றாலும் உடற்கூறியல்-உடலியங்கியல் 1, 2 (ஆய்வகத்தோடு), ஆங்கிலக் கட்டுரை, பொது உளவியல், வாழ்நாள் வளர்ச்சி உளவியல், மருத்துவச் சொற்கள், ஒரு கணிதம் அல்லது புள்ளியியல் ஆகியவை ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும். அறிவியல் பாடங்களுக்குக் காலாவதி உண்டு. 5 அல்லது 7 ஆண்டுக்கு முன் படித்ததைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. வெளிநாட்டுப் பட்டம் இருந்தால் பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை எடுங்கள். பட்டத்துக்கு மட்டுமான பொது அறிக்கையை வைத்து ஒரு பாடத்தைக்கூடக் கழித்துத் தர மாட்டார்கள்.

பார்வையாளர் மணி நேரம் கேட்கும் கல்லூரிகள் உண்டு. கேட்காவிட்டாலும் இரண்டு இடங்களில் போய் நின்று பாருங்கள்: ஒன்று முதியோர் மறுவாழ்வு மையம், மற்றொன்று குழந்தைகள் கிளினிக். முதியோர் மையத்தில் மலஜலம் கழிக்கும் பயிற்சி தினசரி வேலை. அதைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்களா என்பதை 2 ஆண்டு கழித்துத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

கூடவே பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, தடுப்பூசிப் பதிவு, உயிர்காக்கும் முதலுதவிச் சான்று. இதில் இரண்டு பொறிகள். ஹெபடைட்டிஸ் பி ஊசிகள் மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் போடுபவை, கடைசி வாரத்தில் ஓடினால் முடியாது. சிறுவயதில் போட்ட ஊசிகளுக்குப் பதிவு இல்லாவிட்டால் தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை எடுத்துக் காட்டலாம். முதலுதவிச் சான்றில், சுகாதாரப் பணியாளர்களுக்கான பி.எல்.எஸ். வகுப்பைத்தான் கேட்பார்கள். கையால் அழுத்திக் காட்டும் செய்முறைப் பகுதி இல்லாத, இணையத்தில் மட்டும் நடக்கும் வகுப்புச் சான்றை மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிவிடும்.

வகுப்பும் ஃபீல்டுவொர்க்கும்

வகுப்புகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. உடலியக்கம், நரம்பியல், மனநலம், குழந்தைகள், முதியோர், ஸ்பிளின்ட் (கை, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு) செய்வது, ஆவணப்படுத்துவது என்று பாடங்கள் வரிசையாக வரும். ஒரு பாடத்தில் தோற்றால் அது அடுத்த ஆண்டுதான் மறுபடி நடத்தப்படும், அதுவரை மற்றப் பாடங்களும் நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

லெவல் 1 ஃபீல்டுவொர்க் என்பது பெரும்பாலும் பார்த்துக் கற்பது. லெவல் 2 அப்படி இல்லை. குறைந்தது 16 வாரம் முழுநேரம், வழக்கமாக 8 வாரம் வீதம் இரண்டு இடங்கள். சம்பளம் பொதுவாகக் கிடையாது. அந்த இடத்தின் முழுநேரத்தில் பாதிக்குக் குறையாமல் பகுதிநேரமாகவும் செய்யலாம் என்று விதி இடம் தருகிறது. ஆனால் கல்லூரியும் ஒத்துக்கொள்ள வேண்டும், இடமும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த 4 மாதத்துக்கான வீட்டு வாடகை, பெட்ரோல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இவற்றைப் படிப்பில் சேரும்போதே ஒதுக்கிவைக்காதவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள், பாடம் புரியாமல் இல்லை. கார் இல்லாமல் சமாளிப்பது பெரும்பாலான ஊர்களில் கடினம்.

உங்கள் மேற்பார்வையாளர் ஓ.டி.யாகவோ ஓ.டி.ஏ.வாகவோ இருக்கலாம். சான்று பெற்றபின் குறைந்தது ஓராண்டு அனுபவம் அவருக்கு வேண்டும். நடுவிலும் கடைசியிலும் உங்களுக்கு மதிப்பெண் போடுவார். மற்றவற்றில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பாதுகாப்பிலும் ஒழுக்கநெறியிலும் சறுக்கினால் மொத்தமும் போச்சு. மாணவர்கள் தோற்கும் காரணங்களைப் பார்த்தால், சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடாமல் எழுப்புவது, நோயாளியைப் பிடித்துக்கொள்ள இடுப்பில் கட்டும் நடைப்பட்டி இல்லாமல் நிற்க வைப்பது, கால்மிதியை ஒதுக்காமல் இறக்குவது என்று எல்லாம் சின்ன விஷயங்களாகவே இருக்கும். தெரியாமல் நடப்பவையும் அல்ல இவை. அவசரத்தில் விட்டுப்போனவை.

ஒரு சாதாரண வேலையை அருகிலிருந்து பார்ப்போம். பின்பக்க வழியில் இடுப்பு மூட்டு மாற்றியவருக்குச் சாக்ஸ் போடக் கற்றுத்தர வேண்டும். அவருக்கு மூன்று தடைகள்: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, அந்தக் காலை உடலின் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, உட்பக்கம் திருப்பக் கூடாது. முதலில் நாற்காலி. இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்துவிடாத உயரமுள்ள, கைப்பிடி வைத்த, கெட்டியான நாற்காலி. சாக்ஸை 'சாக் எய்ட்' என்னும் வளைந்த தகட்டின் மேல் ஏற்றும்போது குதிகால் பகுதி அடிப்பக்கம் வர வேண்டும், விரல் பகுதி தகட்டின் நுனியோடு இறுக்கமாக ஒட்ட வேண்டும். அங்கே தளர்வு இருந்தால், இழுக்கும்போது விரல்கள் சாக்ஸின் முனையைத் தொடுமுன் தகடு நழுவி வெளியே வந்துவிடும். பிறகு இரண்டு கயிறுகளையும் கையில் பிடித்து, தகட்டைக் காலுக்கு நேர் முன்னே தரையில் இறக்கி, கால்விரல்களைக் கீழ்நோக்கி நீட்டி உள்ளே நுழைத்து, கயிற்றைத் தன்பக்கம் இழுக்க வேண்டும்.

தவறு நடப்பது இழுக்கும்போது இல்லை. தகடு சற்றுத் தள்ளி விழுந்துவிட்டால் நோயாளி தன்னை அறியாமல் முன்னால் குனிந்து காலை நுழைக்கப் பார்ப்பார். 90 பாகை அந்த நொடியில் தாண்டிப்போகும். உங்கள் கண் சாக்ஸில் இருக்கக் கூடாது, அவருடைய இடுப்பில் இருக்க வேண்டும். தகடு தள்ளிப்போனால் கயிற்றை இழுத்து மறுபடி முதலிலிருந்து இறக்கச் சொல்லுங்கள்.

இதை அன்றே எழுதவும் வேண்டும். 'நோயாளி சிகிச்சையை நன்றாகத் தாங்கிக்கொண்டார்' என்று எழுதுவது இந்தத் தொழிலின் தேய்ந்துபோன வரி. காப்பீட்டு நிறுவனத்துக்கு அதனால் ஒன்றும் தெரியாது. 'நாற்காலியில் உட்கார்ந்து, சாக் எய்ட் கொண்டு இரண்டு சாக்ஸும் அணிந்தார். இடுப்பு மடக்கும் தடையை நினைவூட்ட இரண்டு முறை வாய்மொழிக் குறிப்பு தேவைப்பட்டது. முந்தைய அமர்வில் ஐந்து முறை' என்று எழுதினால் முன்னேற்றம் தெரிகிறது, உங்கள் திறமை ஏன் அங்கே தேவைப்பட்டது என்பதும் தெரிகிறது. உதவியின் அளவைக் குறிக்கும் சொற்களுக்கும் கணக்கு உண்டு. வேலையில் 75 சதவீதமோ அதற்கு மேலோ நோயாளியே செய்தால் 'குறைந்த உதவி', 50 முதல் 74 வரை 'மிதமான உதவி', 25 முதல் 49 வரை 'அதிகபட்ச உதவி'. முதியோர் மறுவாழ்வு மையங்களில் இதோடு 01 முதல் 06 வரையிலான இன்னொரு அளவுகோலும் ஓடும். அதில் 06 என்றால் தானே செய்கிறார், 01 என்றால் முழுக்கப் பிறரைச் சார்ந்தவர். இரண்டையும் கலந்து எழுதினால் பதிவு திரும்பி வரும்.

தேர்வு

படிப்பும் ஃபீல்டுவொர்க்கும் முடிந்ததும் என்.பி.சி.ஓ.டி. தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 500 டாலருக்கு மேல். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழர்களுக்கு இது தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகவும், ஓட்டுநர் உரிமத்தில் ஊர்ப் பெயரோ இனிஷியலோ சேர்ந்தும், கல்லூரிப் பதிவில் முதல் பெயரே கடைசிப் பெயராகவும் இருக்கும். படிப்பின் கடைசிப் பருவத்துக்குள் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தேர்வு மைய வாசலில் இதற்கு வைத்தியம் கிடையாது.

தகுதி உறுதியானதும் தேர்வு எழுத அனுமதிக் கடிதம் வரும். 90 நாள் செல்லும். இடமும் நாளும் அதற்குள் நீங்களே பதிவு செய்ய வேண்டும். கல்லூரிகள் மொத்தமாகப் பட்டம் தரும் மாதங்களில் பக்கத்து மையங்கள் நிரம்பிவிடும், அதனால் கடிதம் வந்த அன்றே நாளைப் பிடியுங்கள். கல்லூரியிலிருந்து இறுதி மதிப்பெண் சான்று என்.பி.சி.ஓ.டி.க்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பாருங்கள். நூலக அபராதம் 12 டாலர் பாக்கி என்று மதிப்பெண் சான்றை நிறுத்திவைக்கும் கல்லூரிகள் உண்டு.

தேர்வு 4 மணி நேரம், சுமார் 200 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மதிப்பெண் 300 முதல் 600 வரையிலான அளவுகோலில் வரும், 450 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள். பாதிக்கும் மேற்பட்ட கேள்விகள் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது, நடத்துவது பற்றியவை.

மனப்பாடம் செய்தே தீர வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். சாய்தளத்துக்கு 1-க்கு 12, அதாவது 6 அங்குலப் படிக்கு 6 அடி நீளச் சாய்வு. வாசலின் தெளிவான அகலம் குறைந்தது 32 அங்குலம். சக்கர நாற்காலி இருக்கைக்கு இடுப்பகலத்தோடு 2 அங்குலம். தசை வலிமை 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்து முழு வீச்சும் அசைக்க முடியும், 2 என்றால் புவியீர்ப்பை விலக்கினால்தான். தண்டுவடக் காயத்துக்குப் பின் சி-6 (ஆறாவது கழுத்து நரம்பு) வரை மட்டும் இயங்குகிற நோயாளி மணிக்கட்டை மேலே மடக்கும்போது விரல்கள் தாமாகக் குவியும். அந்தப் பிடிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்பதால் அவருடைய விரல் தசைநாண்களை முழுக்க நீட்டிவிடக் கூடாது. மனிதர்கள் தோற்பது இவற்றில் இல்லை. 'முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வியில்.

ஒரு மாதிரி. இடுப்பு மூட்டு மாற்றி 3 நாளான 72 வயதுப் பெண்ணுக்குக் கீழுடை அணியப் பயிற்சி தருகிறீர்கள். நடுவில் அறுவை செய்த பக்கக் கெண்டைக்கால் வலிக்கிறது என்கிறார். தொட்டால் சூடு, வீக்கம், சிவப்பு. முதலில் என்ன? (அ) காலைத் தேய்த்துவிட்டு வலியைக் குறைப்பது. (ஆ) காலை உயர்த்தி வைத்துப் பயிற்சியைத் தொடர்வது. (இ) பயிற்சியை நிறுத்தி உடனே செவிலியரிடம் சொல்வது. (ஈ) திட்டத்தை மாற்றச் சொல்லி ஓ.டி.க்குக் குறிப்பு எழுதுவது. விடை இ. ஆழ்சிரையில் இரத்தக் கட்டி இருக்கலாம் என்ற அறிகுறி இது. தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஈ-யும் சரியான காரியம்தான், ஆனால் இரண்டாவதாக. நன்றாகப் படித்தவர்கள் ஈ-யைத் தேர்ந்தெடுப்பார்கள், 'எதுவானாலும் ஓ.டி.யிடம் சொல்' என்று வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பழகியதால். உயிருக்கு ஆபத்தா என்பதே முதல் கேள்வி, யாருடைய அதிகாரம் என்பது அதற்குப் பிறகு.

இன்னொரு வகையில் 6 விடைகள் இருக்கும், 3 தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பெண்மணிக்குக் கீழுடையும் காலணியும் அணிய எவை உதவும்: ரீச்சர் (எட்டிப் பிடிக்கும் கோல்), சாக் எய்ட், நீளக் கைப்பிடி ஷூ ஹார்ன், உயர்த்திய கழிப்பறை இருக்கை, பொத்தான் கொக்கி, ஒரு கையால் வெட்டும் ராக்கர் கத்தி? முதல் மூன்றும் விடை. உயர்த்திய இருக்கை அவருக்குக் கட்டாயம் தேவைதான். ஆனால் கேள்வி உடையைப் பற்றியது. கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்துவிட்டு மேலே போகும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

தயாரிப்புக்கு 6 முதல் 8 வாரம் போதும். புத்தகத்தை மூன்றாம் முறை வாசிப்பதைவிட, தவறிய ஒவ்வொரு மாதிரிக் கேள்விக்கும் 'எனக்கு விஷயம் தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தேனா, முன்னுரிமையில் தவறினேனா' என்று மூன்றில் ஒன்றைக் குறித்துவையுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் நோய் எதுவென்று தெரிந்துவிடும். ஆங்கிலம் மெதுவாகப் படிப்பவர்கள் 4 மணி நேர முழு மாதிரித் தேர்வைக் குறைந்தது இரண்டு முறையாவது உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும்.

மாநில உரிமம்

மதிப்பெண் தானாக மாநிலத்துக்குப் போகாது. எந்த மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று என்.பி.சி.ஓ.டி.யில் தனியாகக் கேட்டு, அதற்குரிய கட்டணத்தைக் கட்ட வேண்டும். மாநில விண்ணப்பத்தைத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் முன்பே திறந்துவையுங்கள். மதிப்பெண் தவிர மற்றதெல்லாம் அதில் சேர்ந்துகொண்டிருக்கட்டும்.

மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. டெக்சாஸில் கைரேகையோடு, மாநிலச் சட்டவிதிகள் பற்றிய இணையத் தேர்வும் எழுத வேண்டும். கலிபோர்னியாவில் 'லைவ் ஸ்கேன்' என்ற மின்னணுக் கைரேகை. அங்கே வெப்பம், மின்தூண்டல் போன்றவற்றைப் பயன்படுத்த ஓ.டி.யே தனி அனுமதி வாங்க வேண்டும். பக்கத்து மாநிலத்தில் நீங்கள் தினமும் செய்த வேலை இங்கே விதிமீறலாகலாம். கைரேகை மங்கி நிராகரிக்கப்படுவதும் உண்டு. சமையல், கழுவல் வேலையில் தேய்ந்த விரல்களுக்கு முந்தைய சில நாட்கள் கை கிரீம் தடவிக்கொண்டு போனால் பதிவு தெளிவாக வரும்.

சில மாநிலங்கள் தேர்வு முடிவு வரும்வரை தற்காலிக உரிமம் தரும். தேர்வில் தோற்றால் அது அன்றோடு செல்லாது. அதை நம்பி வேலையில் சேர்வதைவிட ஒரு மாதம் பொறுப்பது மேல். பல மாநிலங்கள் சேர்ந்த ஓ.டி. காம்பாக்ட் ஒப்பந்தமும் இருக்கிறது, ஒரு மாநில உரிமத்தை வைத்து மற்ற உறுப்பு மாநிலங்களில் வேலை செய்யும் சலுகைக்காக. சட்டம் நிறைவேற்றியிருப்பதும் சலுகை வழங்கத் தொடங்கியிருப்பதும் வேறு வேறு என்பதால் இரண்டு மாநில வாரியங்களிடமும் கேட்டுவிட்டுத்தான் இடம் மாற வேண்டும்.

முதல் வேலையில்

ஓ.டி.ஏ. தனியாகக் கிளினிக் திறந்து மெடிகேருக்கு (முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு) பில் அனுப்ப முடியாது, எப்போதும் ஒரு ஓ.டி.யின் மேற்பார்வை வேண்டும். தனியார் கிளினிக்குகளில் ஓ.டி. அதே கட்டடத்தில் இருந்தாக வேண்டும் என்ற மெடிகேர் விதி 2025 தொடக்கத்திலிருந்து தளர்ந்து, தேவைப்பட்டால் தொடர்புகொள்ளும் நிலையில் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. ஆனால் உங்கள் மாநிலம் அதைவிடக் கடுமையாகக் கேட்டால் மாநிலம் சொல்வதுதான் செல்லும்.

2022 முதல், ஓ.டி.ஏ. நடத்திய வெளிநோயாளி சிகிச்சைக்கு மெடிகேர் பார்ட் பி 85 சதவீதம்தான் தருகிறது. பில்லில் 'சி.ஓ.' என்ற குறி அதற்காகத்தான். சில நிறுவனங்கள் ஓ.டி.ஏ.வை எடுக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். பள்ளிகளும் மருத்துவமனை உள்நோயாளிப் பிரிவுகளும் இந்தக் கணக்கில் வருவதில்லை. பில் போடும் நிமிடக் கணக்கையும் முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள்: 8 முதல் 22 நிமிடம் ஒரு யூனிட், 23 முதல் 37 வரை இரண்டு. 7 நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. 21 நிமிடத்தில் முடித்ததை 23 என்று எழுதச் சொல்லி யாராவது தோளைத் தட்டினால், கையெழுத்து உங்களுடையது, உரிமமும் உங்களுடையது.

வேலை நேர்காணலில் 'ப்ரொடக்டிவிட்டி', அதாவது வேலை நேரத்தில் நோயாளியோடு செலவிட வேண்டிய பங்கு, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 90 சதவீதம் கேட்கும் முதியோர் மையங்கள் உண்டு. 8 மணி நேரத்தில் 432 நிமிடம் நோயாளியோடு, மீதி 48 நிமிடத்தில் நடப்பது, எழுதுவது, கைகழுவுவது, செவிலியரைத் தேடுவது எல்லாம். புதியவருக்கு அது கழுத்துப்பிடி. முதல் 2 மாதம் குறைந்த விகிதம் தருவார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்பார்வை செய்யும் ஓ.டி. யார், வாரத்தில் எத்தனை நாள் அங்கே இருப்பார் என்பதும் அதே நேர்காணலில் கேட்க வேண்டியது. பெயர் சொல்லாமல் 'ஒருவர் இருக்கிறார்' என்றால் யோசியுங்கள்.

நோயாளி திட்டத்தைத் தாண்டி முன்னேறினாலோ பின்தங்கினாலோ இலக்கை நீங்களே மாற்றி எழுதக் கூடாது. பார்த்ததைப் பதிவு செய்து ஓ.டி.யிடம் சொல்லுங்கள், மாற்றுவது அவர். அதே இலக்குக்குள் வேறு கருவி, வேறு நிலை, எளிதாக்குவது, கடினமாக்குவது உங்கள் கையில்.

புதுப்பிப்பு இரண்டு இடத்தில். என்.பி.சி.ஓ.டி. சான்றிதழுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை, 36 யூனிட் தொடர்கல்வியோடு. மாநில உரிமத்துக்கு அந்தந்த மாநிலக் கணக்கு. கலிபோர்னியா 2 ஆண்டுக்கு 24 யூனிட் கேட்கிறது. சில மாநிலங்களில் என்.பி.சி.ஓ.டி. சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டாலும் மாநில உரிமம் இருந்தால் வேலை செய்யலாம், ஆனால் பெயருக்குப் பின்னால் 'கோட்டா' போடக் கூடாது. புதுப்பிப்பு நினைவூட்டல் எல்லாம் மின்னஞ்சலில்தான் வரும். விண்ணப்பத்தில் கல்லூரி மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால், பட்டம் வாங்கிய கையோடு இரண்டு தளத்திலும் சொந்த முகவரியை மாற்றிவிடுங்கள். கல்லூரிக் கணக்கு மூடிய பிறகு வரும் கடிதம் யாருக்கும் போய்ச் சேராது.